கல்லுப்பட்டி என்றால் எந்தக் கல்லுப்பட்டி? வீட்டுப் பராமரிப்பு வண்டிக்கு ஜி.பி.எஸ் கருவி வாங்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் கிளம்பி தே. கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி, எழுமலை, உசிலம்பட்டி என்று சுற்றிவரும் பழைய ஆம்னி வேன் எங்களுடையது. முற்றிய புற்றுநோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்து படுத்தவர்கள், புண் ஆறாமல் கிடக்கும் வயதானவர்கள், இவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சிறு குழு. இரண்டு சிஸ்டர்கள், வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு டாக்டர், ஒரு டிரைவர். பதிவேடு, மருந்து இருப்பு, வண்டி ஆகிய மூன்றும் என் பொறுப்பு.

பதினொரு வருஷம் வண்டி ஓட்டிய அண்ணன் 2019 மே மாதக் கடைசியில் முழங்கால் வலியால் நின்றுவிட்டு, திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அப்போது எங்கள் பதிவேட்டில் 64 வீடுகள். அந்த 64 வீட்டுக்கும் வழி அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. பதிவேட்டில் இருந்த முகவரிகள் "காலனி தெரு, மேற்கு" என்ற அளவில்தான்.

புதிதாக வந்த தம்பி பெங்களூருக்கு லாரி ஓட்டியவர். நான்குவழிச் சாலை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊருக்குள் இறங்கினால் வழி கேட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு வீடு பார்த்த இடத்தில் நான்கு வீடாகக் குறைந்தது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஜூன் முதல் வாரம் நடந்தது வேறு. ஒரு ஊரில் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "இங்க கேன்சர் வந்த அம்மா வீடு எது?" என்று தம்பி கேட்டுவிட்டார். அந்தக் குடும்பம் நோயின் பெயரை ஊரில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிற வீடு. மறுநாள் மகன் போனில் சொன்னார்: "இனிமே வண்டி எங்க வீட்டுக்கு வர வேண்டாம் சிஸ்டர். மருந்தை நானே வந்து வாங்கிக்கிறேன்."

தம்பி மேல் தப்பில்லை. அவர் கையில் வேறு எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. வழி கேட்காமல் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஜி.பி.எஸ் கருவி என்ற பேச்சே எழுந்தது.

கைக்கு வந்த இரண்டு கருவிகள்

சிஸ்டர்களின் போனில் வரைபடம் பார்க்கலாமே என்று முதலில் யோசித்தோம். நகரத்துக்குள் அதுவே போதும். ஆனால் எழுமலைக்கு மேற்கே, சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் பல இடங்களில் டவர் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம்தான். ஆனால் அந்தப் போனில்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும், நோயாளி வீட்டு அழைப்பும் அதற்குத்தான் வரும். வீட்டுக்குள் போகும்போது சிஸ்டர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார். தம்பியிடம் இருந்தது பட்டன் போன். வண்டியோடு கிடக்கும் தனிக் கருவி ஒன்று வேண்டும் என்று முடிவானது.

எங்களுக்கு உதவுகிற ஒருவர் தன் பழைய கருவியைக் கொடுத்தார். இன்னொருவர் 5 அங்குலத் திரை உள்ள புதுக் கருவி ஒன்றை, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பித் தாருங்கள் என்று வாங்கித் தந்தார். பத்தாயிரம் ரூபாய்க்குள்தான். இரண்டிலும் வரைபடம் உள்ளேயே பதிந்திருக்கும். டவர் தேவையில்லை.

பழைய கருவியை ஜூன் 10, திங்கட்கிழமை, வாசலில் வைத்து இயக்கினோம். இடத்தைச் சரியாகக் காட்டியது. தேதியை மட்டும் 1999 அக்டோபர் 25 என்று காட்டியது. கெட்டுப்போன கருவி என்று ஒதுக்க இருந்தோம். விசாரித்தபின்தான் காரணம் தெரிந்தது. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வார எண்ணாக அனுப்புகின்றன. 1980 ஜனவரி 6-ல் தொடங்கிய அந்தக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சுழியத்துக்குப் போய்விடும். முதல் சுற்று 1999 ஆகஸ்ட்டில் முடிந்தது, இரண்டாவது 2019 ஏப்ரல் 6 இரவில். அதற்குத் தயார் செய்யப்படாத பழைய கருவிகள் சரியாக 1024 வாரம் பின்னால் போய் நின்றன. கிழமை மட்டும் பிசகாது, அன்றும் திங்கட்கிழமைதான்.

வழி பார்க்க இது இடைஞ்சல் இல்லை. ஆனால் வண்டி எந்த நாளில் எங்கே போனது என்ற பதிவையும் கருவியிலிருந்தே எடுக்கலாம் என்று நான் எண்ணியிருந்தேன். 1999-ம் வருஷத் தேதி போட்ட பதிவைக் கணக்கில் காட்ட முடியாது. பழையதை மாற்றுக் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டோம்.

தகரக் கொட்டகையும் திறந்த வெளியும்

ஒரு கருவி காட்டும் இடம் சரியா என்று அளக்க எங்களிடம் வேறு அளவுகோல் கிடையாது. அதனால் எளிய முறை ஒன்றை வைத்துக்கொண்டோம். ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. நான்கு வெவ்வேறு நாட்களில் அதே கோட்டில் முன்சக்கரத்தை நிறுத்தி, காட்டும் எண்களைக் குறித்தோம். நான்கு எண்களும் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தால் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

பேரையூர்ப் பக்கத்துப் பொட்டலில் சிதறல் ஐந்தாறு மீட்டருக்குள். சாலையை மூடிய புளிய மரங்களின் கீழ் பதினைந்து மீட்டர் வரை. மதுரையில் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் முப்பது மீட்டருக்கு மேல் ஆடியது, சில நேரம் வண்டி அடுத்த தெருவில் நிற்பதாகவே காட்டியது. உயரமான சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் தாமதமாக வருவதால் கணக்கு பிசகுகிறது. எங்கள் வேலை கிராமத்தில் என்பதால் ஐந்தாறு மீட்டர் தாராளம்.

பெரிய பிரச்சினை காலையில்தான் இருந்தது. வண்டி நிற்பது தகரக் கொட்டகையில். அங்கே வைத்து இயக்கினால் கருவிக்கு வானமே தெரியாது. இடத்தைக் கணிக்க குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தெரிய வேண்டும். மூன்று இடத்துக்கு, ஒன்று கருவியின் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அது, தகரத்தைத் தாண்டாது. சிக்னல் கிடைக்கும் முன்பே வண்டியைக் கிளப்பினால் இன்னும் இழுத்தது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது என்ற விவரத்தைச் சொல்லி முடிக்க 30 வினாடி ஆகும். நடுவில் மரமோ கட்டடமோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். மேஜைக்குள் ஒரு வாரம் கிடந்த பழைய கருவிக்கு ஒருநாள் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது.

இதற்குப் பணச் செலவு ஏதும் இல்லாத தீர்வு கிடைத்தது. தம்பி முதலில் வண்டியை வெளியே எடுத்துத் திறந்த இடத்தில் நிறுத்தி, கருவியை இயக்குவார். அப்புறம்தான் சிஸ்டர் மருந்துப் பெட்டி, கட்டுத் துணி, படுக்கைப்புண் மெத்தை எல்லாவற்றையும் ஏற்றுவார். ஏற்றி முடிப்பதற்குள் இடம் பிடித்துவிடும்.

வெயில் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் மதிய வெயிலில் இளகிக் கருவியோடு கீழே விழுந்தது, இரண்டு முறை. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, மூடிய வண்டியின் சூட்டில் கிடந்தால் உப்பிவிடும். வண்டியை விட்டு இறங்கினால் கருவியையும் கழற்றித் துணிப்பையில் போட்டு எடுத்துப் போவது என்று வழக்கமானது.

தேடினால் கிடைக்காத ஊர்கள்

இடம் சரியாகக் காட்டுவது ஒன்று. ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் கருவி எங்களைக் கைவிட்டது.

கருவியில் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எழுமலைக்கு 'ழ'வை எப்படி எழுதியிருப்பார்கள்? ஒற்றை 'எல்' போட்டா, 'இசட் ஹெச்' போட்டா? திருமங்கலத்தில் முதல் எழுத்துக்குப் பின் 'ஹெச்' உண்டா? சோழவந்தான் 'எஸ்'ஸில் தொடங்குமா, 'சி'யிலா? பட்டியின் கடைசியில் 'ஐ'யா, 'ஒய்'யா? தம்பி ஒவ்வொரு விதமாக அடித்துப் பார்த்துச் சலித்துப்போனார். அடுத்தது ஒரே பெயர்ச் சிக்கல். பேரையூர் வட்டத்திலேயே தே. கல்லுப்பட்டி ஒன்று, எம். கல்லுப்பட்டி ஒன்று. பேச்சில் இரண்டும் கல்லுப்பட்டிதான். ஜூலை முதல் வாரம் எழுமலைப் பக்கத்து எம். கல்லுப்பட்டி நோயாளிக்காகக் கிளம்பிய வண்டி, கருவியின் பேச்சைக் கேட்டுத் தே. கல்லுப்பட்டியில் போய் நின்றது. அன்று இரண்டு வீடு விடுபட்டது. புதுப்பட்டிகளைக் கேட்கவே வேண்டாம்.

ஊரைக் கண்டுபிடித்தாலும் கருவி கொண்டுபோய் விடுவது ஊரின் நடுவில். அங்கிருந்து வீடு எங்கே? மறுபடி டீக்கடையில்தான் கேட்க வேண்டும். எதைத் தவிர்க்கக் கருவி வாங்கினோமோ அங்கேயே வந்து நின்றோம்.

முதல் முடிவு: வாசலில் ஒரு புள்ளி

பெயரால் தேடுவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலையும் புள்ளியாகக் கருவியில் சேமிப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு ஒருமுறையாவது வழி தெரிந்தவர் கூட வர வேண்டும். திருப்பூரிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டோம். உறவில் ஒரு விசேஷத்துக்காக ஜூலைக் கடைசியில் ஊருக்கு வருவதாகவும், இரண்டு நாள் கூட வருவதாகவும் சொன்னார். காலை நீட்டி உட்கார வசதியாக முன்சீட்டைப் பின்னால் தள்ளி வைத்தோம்.

அந்த இரண்டு நாளில் 47 வீடுகள். கருவியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: "அமெரிக்காக்காரன் நெனச்சா இதைத் தப்பாக் காட்ட வெச்சிருவானாமே, அப்படியா?" முன்பு அப்படித்தான். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து, நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்ட வைத்திருந்தார்கள். 2000 மே 2-ம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள். சொன்னதும், "சரி, அப்ப நம்பலாம்" என்றார்.

சேமிக்கும்போது சிஸ்டர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். புள்ளிக்கு நோயாளியின் பெயரைப் போடக் கூடாது. கருவி திருடுபோனாலோ, பழுது பார்க்கக் கொடுத்தாலோ, இந்த வட்டாரத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் அடுத்தவர் கைக்குப் போய்விடும். அதனால் பதிவேட்டு எண் மட்டும். கருவியில் 31 என்று இருந்தால் அது யார் என்பது பூட்டிய அலமாரியில் இருக்கும் பதிவேட்டுக்குத்தான் தெரியும். சில வீடுகளுக்கு வாசலையும் சேமிக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் கேட்டுக்கொண்டபடி வண்டி ஊர் மந்தையிலோ கோயில் பக்கமோ நிற்கும், சிஸ்டர் நடந்து போவார். புள்ளி வண்டி நிற்கிற இடத்துக்கு.

ஒரு தவறான புள்ளி

நான் செய்த பிழை இது. அண்ணனோடு போன இரண்டாம் நாளில் புதுக் கருவியில் சார்ஜ் இறங்கிவிட, கடைசி ஐந்து வீடுகளைப் பழைய கருவியில் பார்த்துத் தாளில் எழுதினேன். மறுநாள் புதியதில் ஏற்றினேன். அடுத்த வாரம் தே. கல்லுப்பட்டியை ஒட்டிய ஒரு வீட்டுக்குத் தம்பி எண்ணை அமுக்கினால், கருவி ராஜபாளையத்துக்கு மேற்கே கையைக் காட்டுகிறது. நல்லவேளை, தூரத்தைப் பார்த்ததுமே தம்பி வண்டியைக் கிளப்பாமல் என்னைக் கூப்பிட்டார்.

பழைய கருவி 9 டிகிரி 43.2 நிமிடம் என்று காட்டியதை நான் 9.432 டிகிரி என்று ஏற்றியிருந்தேன். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 43.2-ஐ 60-ஆல் வகுத்து 9.72 என்று போட்டிருக்க வேண்டும். தீர்க்கரேகையிலும் அதே பிழை, 77 டிகிரி 51 நிமிடம் 77.85 ஆகாமல் 77.51 ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்து வீட்டை ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட நகர்த்திவிட்டன. அன்றே இரண்டு கருவிகளையும் ஒரே அமைப்புக்கு, தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் உள்ள டிகிரி என்று மாற்றினேன். ஐந்தாம் இலக்கம் தரையில் ஒரு மீட்டர்.

அக்டோபர், கரிசல் காடு

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் நன்றாக ஓடியது. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு வீடு. வழி கேட்பது அநேகமாக நின்றுபோனது. கருவியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, வாங்கித் தந்தவரிடமும் சொல்லிவிட்டோம்.

அக்டோபர் மூன்றாம் வாரம் நல்ல மழை. சேடபட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் ஒரு வீடு. வாய்ப்புற்று, வலிக்கு மார்பின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மருந்து, அன்று மதியம் பன்னிரண்டு மணி வேளைக்கு வீட்டில் இருப்பு இல்லை. தாமதமாகிவிட்டதே என்று தம்பி, வழித் தேர்வைக் குறைந்த தூரம் என்று மாற்றினார். தார் ரோட்டில் போனால் ஒன்பது கிலோமீட்டர், கருவி காட்டிய வழி நான்கு. கண்மாய்க் கரையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, பருத்திக் காட்டுக்குள் போகும் வண்டிப்பாதை. மண் சாலையைத் தவிர்க்கும் அமைப்பு போட்டுத்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தில் அந்தப் பாதை மண் சாலை என்று குறிக்கப்படவே இல்லை.

கரிசல் மண் நனைந்தால் எப்படி என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் சக்கரத்தில் அப்பும். அப்புறம் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இறுகி, சக்கரம் சுற்றாமலே வழுக்கும். ஐம்பதடி போவதற்குள் பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. தம்பி வேல மரக் கிளைகளை வெட்டிப் போட்டுப் பார்த்தார். சிஸ்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கித் தள்ளினார். டவர் இல்லை. ஒரு கிலோமீட்டர் நடந்து போய் டிராக்டர் கூட்டி வந்து இழுத்து, தார் ரோட்டுக்குத் திரும்பி, வீட்டை அடையும்போது மணி இரண்டு நாற்பது. அந்த மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார் என்றும், கேட்டதற்கு ஒன்றும் பேசவில்லை என்றும் சிஸ்டர் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். ஒரு வேளை மருந்து இரண்டே முக்கால் மணி நேரம் தள்ளிப்போனதன் அர்த்தம் அதுதான்.

அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, மழை பெஞ்சா அங்கிட்டு எறங்காதீங்க, விலக்குல இருந்து தார் ரோட்டுலயே போங்கன்னு" என்றார். சொன்னதும் உண்மை. பின்சீட்டில் உட்கார்ந்து நானும் கேட்டேன். என் படிவத்தில் எண், அட்சரேகை, தீர்க்கரேகை என்று மூன்று கட்டம்தான் இருந்தன. அவர் சொன்னதை எழுத இடமில்லாததால் எழுதவில்லை.

மாற்றியவை

படிவத்தில் இரண்டு கட்டம் சேர்த்தேன். ஒன்று, எந்த விலக்கில் திரும்புவது. இன்னொன்று, மழையில் எப்படி. அண்ணனிடம் மூன்று இரவு போனில் பேசி 47 வீட்டுக்கும் நிரப்பினோம். மழைக்காலத்தில் சுற்றிப் போக வேண்டிய பன்னிரண்டு வீடுகளுக்கு, தார் ரோட்டு விலக்கையும் தனிப் புள்ளியாக ஏற்றினோம். கருவி முதலில் விலக்குக்குக் கூட்டிப் போகும், அங்கிருந்து வீட்டுக்கு.

குறைந்த தூரம் என்ற தேர்வு கூடாது, குறைந்த நேரம் மட்டும் என்பது விதியானது. மார்பின் இருப்பை வீட்டில் எப்போதும் இரண்டு நாளைக்கு மிச்சம் இருக்கும்படி டாக்டர் மாற்றினார். இதற்கும் கருவிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அன்றைய தாமதம் வலியாக மாறியதற்குக் காரணம் மருந்து கடைசி வேளைக்கு வந்திருந்தது. அதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

புள்ளிகளை எப்போது அழிப்பது என்றும் பேசினோம். நோயாளி இறந்த அன்றே அழித்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தடுத்தார். ஒரு மாதம் கழித்துக் குடும்பத்தைப் பார்க்க மறுபடி போகிறார்கள், வீடு தெரிய வேண்டாமா? அந்தக் கடைசிச் சந்திப்பு முடிந்த பிறகே எண்ணை எடுப்பது என்றானது.

மதுரைக்குள் போகும் நாட்களுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப் போவது போன்றவற்றுக்கு, போன் வரைபடம்தான். ஒருவழிப் பாதை மாற்றங்களும் நெரிசலும் கருவிக்குத் தெரிவதில்லை.

ஊரடங்கில்

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. தம்பி விருதுநகர்ப் பக்கம் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் தானாக வந்து வண்டியை எடுத்தார். அந்தப் பக்கமே போயிராதவர். படிவத்தையும் கருவியையும் கையில் கொடுத்தோம். முதல் நாளே ஐந்து வீடு, யாரிடமும் வழி கேட்காமல். கேட்கலாம் என்றாலும் சாலையில் ஆள் இல்லை.

கருவி தோற்ற இடமும் உண்டு. பல ஊர்களில் வெளியாள் வராமலிருக்க எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். சிஸ்டர் இறங்கிப் போய்ப் பேச, ஊர்க்காரர்களே முள்ளை இழுத்துவிட்டு, வண்டி போனதும் மறுபடி போட்டார்கள். அந்த ஒன்றரை மாதத்தில் மருந்து இல்லாமல் விடுபட்ட வீடு இல்லை.

மறுபடி செய்வதானால்

அண்ணன் வேலையில் இருக்கும்போதே தொடங்கியிருப்பேன். அவர் வந்த இரண்டு நாளில் விடுபட்ட 17 வீடுகளையும் நாங்களே தேடித் தேடி முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. அதில் மூன்று பேர் அதற்குள் இறந்துபோனார்கள், அவர்களை நாங்கள் பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்க்கவில்லை. கருவியை ஜூனில் மட்டும் சோதிக்காமல், ஒரு மழை முடியும்வரை சோதனை என்றே வைத்திருப்பேன். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டு வித அமைப்பில் ஒரே நேரத்தில் புழங்கவிட மாட்டேன்.

ஜூனில் எங்களை வர வேண்டாம் என்ற குடும்பம் டிசம்பரில் மறுபடி அழைத்தது. மகன் ஒரே நிபந்தனை சொன்னார், வண்டி ஊருக்கு வெளியே ஊருணிக்கரை ஆலமரத்தடியில் நிற்க வேண்டும். அந்த ஆலமரம் 68-ம் எண்ணாக இருக்கிறது.